அரைப் பேர்

ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்த வாக்குவாதம், மாதம் பல ஓடியும் என் மண்டைக்குள் ஓய்ந்தபாடில்லை. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்கிற வரிசை வீட்டு வாசலில் தகரப் பந்தல். சாப்பாட்டுப் பந்தி முடிந்து, மலையில் மூட்டம் இறங்கி, பொடியன்கள் ஆட்டத்துக்குத் தயாராகும் நேரம். என் அக்கா மகன்தான் சவுண்ட் செட். ஹட்டன் டவுனில் ஒரு போன் கடையில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறுகளில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து டீஜே வேலை. அவன் 'எஞ்சாய் எஞ்சாமி' போட்டான். அந்தப் பாட்டுக்கு நான் எந்தச் சபையிலும் வெட்கப்படாமல் எழுந்து நிற்பவன். எழுந்தேன். வந்தது பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய 2021 பாட்டு இல்லை, டீஜே ஸ்நேக் செய்த ரீமிக்ஸ். மறுபடி கதிரையில் குந்திவிட்டேன்.

அவன் அதைக் கவனித்துவிட்டான். பாட்டு ஓடும்போதே பக்கத்தில் வந்து, "என்னா மாமா, எந்திரிச்சு குந்திட்டீங்க?" என்றான். ஒரிஜினலைப் போடச் சொன்னேன். "ஒரிஜினல் ஹெட்போன்ல கேக்குறதுக்கு மாமா. எட்டு பொக்ஸ அடுக்கி வச்சிட்டு அதப் போட்டா பேஸ் பத்தாது. இங்க நெஞ்சுல அடிக்கணும்" என்றான். சுற்றி நின்ற பொடியன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பாரிஸ்காரன் ஒருத்தன் நம்ம பாட்டை எடுத்து மிக்ஸ் பண்ணியிருக்கிறான், அதுவே பெருமை என்றான் ஒருவன். பழையதில்தான் உயிர் இருக்கிறது என்றான் இன்னொருவன். ரீமிக்ஸ் வந்திருக்காவிட்டால் கொழும்பில் தன்னோடு வேலை செய்கிற சிங்களப் பொடியன்களுக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரிந்திருக்காது என்றான் மூன்றாவது ஒருவன். அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆனாலும் பெரிய மனுசன் தோரணையில் நான் ஒன்று சொன்னேன்: "ஒரிஜினல் பீஓபி, ரீமிக்ஸ் டஸ்ட்." பீஓபி தேயிலையில் உயர்ந்த ரகம், டஸ்ட் தூள் ரகம். சொல்லிவிட்டு நானே மெச்சிக்கொண்டேன். மருமகன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டஸ்ட்லதான் மாமா சாயம் நல்லா எறங்கும்" என்றான். பந்தலே சிரித்தது. பெக்டரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதை மறுக்க வழியில்லை. எங்கள் வீடுகளில் ஆயுள் முழுக்கக் குடித்ததே டஸ்ட் தேத்தண்ணிதான்.

பஸ்ஸில் ஹட்டனுக்குத் திரும்பும்போது இரண்டையும் காதில் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே வந்தேன். நோர்வூட் தாண்டும்வரை என் கட்சிக்கு நியாயம் தேடினேன். டிக்கோயா வருகையில் ஒரு விஷயம் உறுத்தியது. ரீமிக்ஸ் கெட்ட இசை இல்லை. தாளத்தை இழுத்து இழுத்து வைத்துத் திடீரென்று பேஸை இறக்குகிற வேலை கச்சிதமாக இருக்கிறது. காமன் கூத்தில் தப்புப் பறை அடிப்பவர் வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி எடுத்து, மெல்லத் தட்டிப் பார்த்து, கூட்டத்தைத் தவிக்கவிட்டு, பிறகு ஒரேயடியாக வேகம் எடுப்பாரே, அதே வித்தை. பிறகு எதற்காக நான் உட்கார்ந்தேன்?

அந்த மார்ச் மாதம்

எனக்கு அந்தப் பாட்டு ஏன் அப்படி என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பாட்டு 2021 மார்ச் 7 ஆம் தேதி வெளியானது. தோட்டத் தொழிலாளரின் ஒரு நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கும் வர்த்தமானியும் அதே மார்ச்சில்தான் வந்தது. வருடக்கணக்காகக் கத்திக் கிடந்த ஆயிரம் கையெட்டும் தூரத்தில் வந்ததும், பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் திறந்தும் மூடியும் கிடந்த காலம். சூம் வகுப்புக்கென்று அக்கா கடன்பட்டு வாங்கிக் கொடுத்த போனைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் தேடி மலை உச்சிப் பாறைக்கு ஏறுவான் மருமகன். பாடம் படித்தானோ என்னவோ, அந்தப் பாறையில்தான் முதன்முதலில் இந்தப் பாட்டைக் கேட்டான். அன்று சாயங்காலம் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அவன்தான். ஒரிஜினலைத்தான் அனுப்பினான். கல்யாண வீட்டில் இதை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

வீடியோவில் வள்ளியம்மாள் என்று ஒரு கிழவி வருகிறார். அறிவின் பாட்டி. இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியாவுக்குப் போனவர். பாட்டு வரிகளுக்குள்ளும் அவர் பெயர் வருகிறது. அவரைத் திரையில் பார்த்தபோது எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் தேதி எங்கள் இந்திய வம்சாவளி ஆட்களைப் பிரிக்க இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரை எங்கே வைப்பதென்று அப்போது முடிவாகவில்லை; 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கணக்கில் எல்லாம் 'பேர்' என்றுதான் இருந்தது, ஒருவருடைய பேரும் இருக்கவில்லை. மலையக ஸ்டேஷன்களில் இருந்து தலைமன்னாருக்குப் போன கோச்சியை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். என் அம்மாவின் தங்கச்சி, எங்கள் சின்னம்மா, எழுபதுகளில் புருசன் வீட்டாரோடு அப்படிப் போனவர்தான். கோத்தகிரியில் இருந்து சில வருடம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

ஆக, வள்ளியம்மாளைப் பார்த்தபோது எங்களுக்குத் தெரிந்தது ஒரு பாடகரின் பாட்டி மட்டும் இல்லை. கோச்சியில் ஏறிப் போன ஒருத்தி, ஐம்பது வருடம் கழித்து யூடியூப்பில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

விளம்பரப் பலகை

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும், நீட்டப் போவதில்லை. டீஜே ஸ்நேக்கின் ரீமிக்ஸ் வந்தது. நியூயோர்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் பெரிய விளம்பரப் பலகையில் அவரும் தீயும் இருந்தார்கள், அறிவு இல்லை. 2021 ஓகஸ்டில் றோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையிலும் அறிவு இல்லை. சினிமா இயக்குநர் பா. ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்ட பிறகு அறிவுக்கென்று தனி டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருடம் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் பாட்டு ஒலித்தபோதும் அவர் இல்லை. இந்தப் பாட்டை எழுதி மெட்டமைத்துப் பாடியது நான் என்று அறிவு எழுதினார். இது மூவரும் சேர்ந்து செய்த வேலை, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். தீயும் தன் பக்கத்தைச் சொன்னார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார்: மூன்று வருடமாக இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை.

ஸ்டூடியோவுக்குள் எந்த மெட்டை யார் போட்டார் என்று தீர்ப்புச் சொல்ல நான் அங்கே இருக்கவில்லை. அப்படித் தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். ஆனால் கல்யாண வீட்டில் என்னை உட்கார வைத்தது பேஸ் இல்லை, அந்தப் பலகைதான் என்பது மட்டும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. அதை ஒழுங்காகச் சொல்லத்தான் வாயில் வார்த்தை வரவில்லை. வார்த்தை பெரியம்மாவிடம் இருந்தது.

பெரியம்மாவின் காம்பரா

என் அம்மாவின் அக்கா. எழுபதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயதில் கூடை கட்டி, அறுபது வரை கொழுந்தெடுத்தவர். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் ஆள்காட்டி விரலின் வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்பாக இன்னும் நிற்கிறது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்பார். இன்னொரு விஷயத்திலும் அவருக்குப் பேர் உண்டு. நாலு தோட்டத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிட்டு வருவார்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. அவர் காம்பராவின், அதாவது லயத்து அறையின், கூரையில் ஒழுகும் தகரத்துக்குத் தார் பூசலாம் என்று நானும் மருமகனும் போனோம். மழை விடாததால் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றோம். மருமகன் பையில் இருந்து ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்தான். "அம்மாயி, நீயே தீர்ப்பு சொல்லு" என்று முதலில் ஒரிஜினலைப் போட்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரே நிம்மதி. ஒப்பாரி பாடுகிறவர், கட்டாயம் என் கட்சிதான்.

பெரியம்மா ஸ்பீக்கரைத் தூக்கி அம்மிக்கல் மேல் வைத்தார். வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். ஒப்பாரிச் சாயல் வருகிற இடத்தில் அழுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். "நல்லாத்தான் பாடுறா புள்ள. ஆனா எழவு வீட்டுல இவ்ளோ சுத்தமா அழ முடியாது. இந்த எடத்துல மூச்சு உடையணும். இவளுக்கு உடையல." பாட்டி மாதிரி இல்லை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொழுந்தைக் கையால் அளைந்து பார்க்கிற கங்காணி மாதிரி சொன்னார். அடுத்து ரீமிக்ஸ். பேஸ் இறங்கியதும் அவர் விரல் பாக்குவெட்டியால் தகர டப்பாவில் தானாகத் தட்ட ஆரம்பித்தது. "இது பெரட்டுத் தப்பு மாதிரி இருக்குடா. விடியக்காலம் லயத்துக்கு லயம் அடிச்சிட்டுப் போவாங்களே, எந்திரி எந்திரின்னு. எந்திரிக்காம இருக்க ஏலாது." மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் விடவில்லை. "அது சரி பெரியம்மா, ஒருத்தர் பாடுன பாட்ட இன்னொருத்தன் எடுத்து மாத்துறது சரியா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, படித்த பிள்ளை இப்படிக் கேட்கிறானே என்கிற மாதிரி இருந்தது. "நான் பாடுறது எல்லாம் எங்காத்தா பாடுனது. அவ அவங்காத்தாகிட்ட கேட்டது. இந்தியாவுல இருந்து வரும்போது வேற ஊர், வேற ஆறு, வேற நெல்லு இருந்திருக்கும். இங்க வந்து மல, கொழுந்து, கங்காணின்னு மாத்திக்கிட்டோம். மெட்டுக்கு என்னாடா சொந்தக்காரன்? எழவுக்கு எழவு மாறும்." மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்த பாடல்களும் இந்த வாய்களில் இருந்து வந்தவைதான். இன்னொரு தோட்டத்துக்குப் போய்க் கேட்டிருந்தால் வேறு சொல்லோடு கிடைத்திருக்கும். ஒரிஜினல் என்று நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த சொல் பெரியம்மாவின் திண்ணையில் செல்லாக்காசு.

வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்து, "ஆனா ஒண்ணு" என்றார். "மெட்ட மாத்தலாம், சொல்ல மாத்தலாம். பேர விடக்கூடாது. செத்தவன் யாரு, அவனுக்கு அழுற சொந்தம் யாரு யாருன்னு எல்லாம் பாட்டுல வரணும். ஒரு எழவுல மூத்த மருமகள விட்டுட்டேன். பதினாறு முடியிறவரைக்கும் அவ எங்கூட பேசல. தப்பு எம்மேலதான்."

சொல்லிவிட்டு, "ஆமா, இதைப் பாடுற பொடியன் யாரு?" என்று கேட்டார். வள்ளியம்மாள் கதையைச் சொன்னேன். எந்தத் தோட்டம் என்றுதான் முதலில் கேட்டார். இந்தியாவுக்குப் போனதைச் சொன்னதும் சின்னம்மாவை நினைத்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பொடியனுக்குப் பேரு போட்டாங்களா?"

அவர் கேட்டது எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் முழுசாக விளங்கியது. தோட்டத்தில் பேர் போடுவது என்றால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அன்றைய நாளை எழுதுவது. பேர் விழுந்தால் சம்பளம். சொன்ன கிலோ பறித்தால் முழுப் பேர். இரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர், அரைநாள் சம்பளம். மழையில் நின்று, அட்டை கடித்து, காலை ஏழரை முதல் சாயங்காலம் வரை முதுகில் கூடையோடு நின்றவள், மடுவத்தில் தராசு முள் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றதால் அரை மனுசி ஆகிவிடுவாள். எங்கள் பாஷையில் பேரும் கூலியும் ஒரே சொல்தான். நான் அந்தச் சொல்லோடு வளர்ந்தவன். இருந்தும் விளம்பரப் பலகையைப் பார்த்தபோது அது என் நாக்கில் வரவில்லை.

பலகைக் கதையைச் சொன்னேன். "பழைய பாட்டுல பேரு இருக்கு. புதுசுக்கு ஊர் நடுவுல போர்டு வச்சப்ப அவன் பேரு இல்ல." பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அப்ப அரைப் பேரு."

மருமகன் குறுக்கே விழுந்தான். "அதுகூட இல்ல அம்மாயி. இவங்க மூணு பேருக்குமே காசு வரலயாம். மியூசிக் போட்டவரே வீடியோவுல சொன்னாரு." பெரியம்மா சிரித்தே விட்டார். நாற்பத்தெட்டு வருடம் தராசுக்கு முன்னால் நின்றவரின் சிரிப்பு. ஈரக் கொழுந்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு என்று கண் முன்னாலேயே கிலோ கரைவதைப் பார்த்தவரின் சிரிப்பு. "அப்ப கொழுந்த நிறுத்தது யாருடா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

மூன்று பேர்கள்

பெரியம்மாவுக்குப் பேர் என்பது வெறும் பேச்சில்லை. அவருக்கு மூன்று பேர் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஒன்று. செக்ரோலில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று. அடையாள அட்டைக்குச் சிங்களத்தில் எழுதி, அதைத் திரும்பத் தமிழில் எழுதியபோது முளைத்தது மூன்றாவது. ஓய்வு பெற்றதும் சேமலாப நிதியை எடுக்கப் போனால், மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். சத்தியக் கடதாசி, தோட்டத்துக் கடிதம், கிராம சேவகர் கடிதம் என்று இரண்டு வருடம் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் ஏறினோம். ஒரு கந்தோரில் ஒருவர், "இதில் நீ யாரம்மா?" என்று சிரிக்காமல் கேட்டார். கேள்வி அவருக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

மழை விட்டபோது இருட்டிவிட்டது. தார் பூசவில்லை. கிளம்புகிற நேரத்தில் மருமகன் போனை நீட்டி, "அம்மாயி, ஒரு ஒப்பாரி பாடு, ரெக்கோட் பண்ணிக்கிறேன்" என்றான். சாவு இல்லாமல் வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மறுத்தார். பிறகு அவராகவே, "கோச்சியில போனவளுக்கு அழுதா குத்தமில்ல" என்று இஸ்தோப்பை விட்டு வாசலில் இறங்கி நின்று பாடினார். அவர் சொன்ன அந்த இடத்தில் மூச்சு உடைந்தது. தங்கச்சி பேர், தங்கச்சி புருசன் பேர், அன்றைக்கு இடுப்பில் இருந்த பிள்ளையின் பேர் எல்லாம் வந்தது. எனக்கு ஒரு சித்தப்பாவின் பேர் அன்றுதான் தெரிந்தது.

அந்த வாரம் வியாழன் இரவு மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினான். பெரியம்மாவின் குரல், அடியில் தப்பு, அதற்கும் அடியில் அவனுடைய பேஸ். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாக இருந்தது. மூச்சு உடையும் இடத்தில் தாளத்தை முழுதாக நிறுத்திவிட்டிருந்தான், கெட்டிக்காரன். மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவைதான் பாட்டின் தலைப்பைப் பார்த்தேன். டீஜே என்று போட்டு அவன் தனக்கு வைத்துக்கொண்ட பேர், பக்கத்தில் 'ஒப்பாரி மிக்ஸ்'. அவ்வளவுதான்.

போன் எடுத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் அவனே சொன்னான். "தெரியும் மாமா. நான் வேணும்னு விடல. மூணு பேருல எந்தப் பேரப் போடுறதுன்னு தெரியல."

அடுத்த ஞாயிறு தார் டின்னோடு போனபோது பெரியம்மாவிடமே கேட்டோம். கூரைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கொஞ்சம் யோசித்தார். பத்திரத்தில் இருப்பதையும் சொல்லவில்லை, செக்ரோலில் இருப்பதையும் சொல்லவில்லை, அட்டையில் இருப்பதையும் சொல்லவில்லை. நாங்கள் யாரும் கேட்டிராத நாலாவதாக ஒன்றைச் சொன்னார். சின்னம்மா கூப்பிட்ட பேராம். அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிட ஆள் இல்லாததால் நாங்கள் கேட்க வாய்ப்பில்லையாம். மருமகன் கூரை மேல் இருந்தபடியே, தார்க் கையோடு, எழுத்துக்கூட்டிக் கேட்டுப் போனில் அடித்தான்.

"முழுசா போட்டியா?" என்று கீழே இருந்து கேட்டார் பெரியம்மா.